கடைக்கும் கம்பெனிக்கும் மக்கள் தொடர்பு எதற்கு? குமரி மாவட்டத் தொழில் நடத்துவோரின் கேள்விகள், பதில்கள்

மார்த்தாண்டத்தில் தேன், வடசேரியில் நகை, தோவாளையில் பூ, கன்னியாகுமரியில் தங்கும் விடுதி என்று தொழில் எதுவானாலும், மக்கள் தொடர்பு என்ற பேச்சு வந்ததும் கிளம்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

மக்கள் தொடர்புன்னா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற பி.ஆர்.ஓ. வேலைதானே? நமக்கு எதுக்கு அது?

பெயர் ஒன்று, வேலை வேறு. கலெக்டர் அலுவலகத்தில் இருப்பவர் அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை அலுவலர். அரசு செய்வதை மக்களுக்குச் சொல்வது அவர் பொறுப்பு. ஒரு தொழிலுக்கு மக்கள் தொடர்பு என்றால், அந்தத் தொழிலோடு வாழ்கிற எல்லாரிடமும் தொடர்ந்து உண்மை பேசி நம்பிக்கையைக் காப்பது. வாங்குகிறவர் மட்டுமல்ல, வேலையாட்கள், சரக்குத் தருகிறவர், பக்கத்து வீட்டார், பஞ்சாயத்து, வங்கி மேலாளர், நிருபர் எல்லாரும் அதில் சேர்த்தி.

இந்த வேலை ஒரு தனித்தொழிலாக உருவான கதையில் 1906ஆம் ஆண்டுக்கு இடமுண்டு. அமெரிக்காவில் ரயில் விபத்துகளை மூடி மறைப்பதே வழக்கமாக இருந்த காலம். பென்சில்வேனியா ரயில்வேக்கு வேலை பார்த்த ஐவி லீ என்பவர், விபத்து நடந்ததும் தகவலை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பி, நிருபர்களையும் இடத்துக்கு வரவழைத்தார். மறைக்காமல் முந்திச் சொல்வது என்ற அந்த வழிதான் இன்றைக்கும் இதற்கு அடிப்படை.

நம் மாவட்டத்தில் இதற்குக் கூடுதல் தேவை இருக்கிறது. 1,684 சதுர கிலோமீட்டருக்குள் 18.7 லட்சம் பேர், படிப்பறிவில் 91.75 சதவீதத்தோடு மாநிலத்திலேயே முதலிடம் (2011 கணக்கெடுப்பு). சொந்தபந்தம், பங்குப்பேரவை, கோயில் கமிட்டி, ஊர்ச் சங்கம் என்று யாரும் யாருக்கும் தூரமில்லை. குளச்சலில் காலையில் நடந்தது சாயங்காலம் ஆரல்வாய்மொழியில் பேச்சாக இருக்கும்.

மாசாமாசம் பேப்பர்ல விளம்பரம் குடுக்கோம், ஃப்ளெக்ஸும் வைக்கோம். அது போதாதா?

விளம்பரத்தில் பேசுவது நீங்கள். காசு கொடுத்த இடத்தில் யாரும் தன்னைக் குறைத்துச் சொல்லமாட்டார் என்பது படிப்பவருக்குத் தெரியும். நீங்கள் இல்லாத இடத்தில் உங்களைப் பற்றி மற்றவர் என்ன சொல்கிறார் என்பதுதான் மக்கள் தொடர்பின் விளைச்சல். கல்யாண வீட்டுப் பந்தியில், “அந்தக் கடையில எடு, குறை சொன்னா மாத்தித் தருவான்” என்று ஒருவர் சொல்வதை எந்தப் பக்க விளம்பரமும் வாங்கித் தராது.

விளம்பரம் வேண்டாம் என்பதல்ல. ஆடித் தள்ளுபடியைச் சொல்ல விளம்பரம்தான் வழி. “இவன் சொல்லும் தள்ளுபடி உண்மையா?” என்ற கேள்விக்குப் பதில் அதற்கு முந்தைய பத்து மாதத்தில் நீங்கள் நடந்துகொண்ட விதத்தில் இருக்கிறது.

நம்ம சரக்கு நல்ல சரக்கு. நல்ல சரக்குக்கு எதுக்கு இதெல்லாம்?

நல்ல சரக்குதான் விளக்கம் இல்லாமல் அதிகம் அடிபடுகிறது. மார்த்தாண்டம் பக்கத்துத் தேனையே பாருங்கள். ரப்பர் மரம் இலையுதிர்த்து, ஜனவரிக்குப் பிறகு புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து தேனீ இனிப்பை எடுக்கிறது. இந்தத் தேனில் குளுக்கோஸ் அதிகம். அதனால் சீக்கிரம் உறைந்து, பாட்டிலின் அடியில் வெள்ளையாக மணல் மாதிரி படியும். சுத்தமான தேனின் இயல்பு இது. ஆனால் சென்னையில் பாட்டிலைத் திறப்பவர் கண்ணுக்கு அது சீனிப்பாகு. படம் எடுத்து “கலப்படம்” என்று போட்டுவிடுவார். நீங்கள் பிறகு ஓடிப்போய் விளக்கினால், அதே விளக்கம் சமாளிப்பாகத் தெரியும்.

லேபிளிலேயே இரண்டு வரி போட்டிருந்தால் கதை வேறு: “இது ரப்பர் தேன், உறைவது இயல்பு. மூடியைத் தளர்த்தி, கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தால் இளகும். அடுப்பில் நேராக வைக்க வேண்டாம்.” உறைந்த தேனைப் பார்த்ததும் வாங்கியவருக்கு நீங்கள் முன்பே சொன்னது நினைவுக்கு வரும், சந்தேகம் வரவேண்டிய இடத்தில் நம்பிக்கை வந்துவிடும். கூடவே ஒன்று: தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, திரியில் தொட்டுக் கொளுத்துவது போன்ற வீட்டுச் சோதனைகளை உங்கள் வீடியோவில் காட்டாதீர்கள். அவை கலப்படத்தைக் கண்டுபிடிக்காது. விவரம் தெரிந்த ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினால் உங்கள் மற்ற பேச்சும் சேர்ந்து விழும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையை, பேட்ச் எண்ணோடு (ஒரே தடவையில் தயாரித்த சரக்குக்கு இடும் எண்), கேட்பவர்களுக்குக் காட்டுங்கள்.

செய்திக் குறிப்பு அனுப்புறோம், ஒருத்தரும் போடமாட்டேங்காங்க. எப்படி எழுதணும்?

பெரும்பாலும் பிழை முதல் வரியில் இருக்கிறது. “மக்களின் பேராதரவைப் பெற்ற எங்கள் நிறுவனத்தின் மாபெரும் புதிய கிளைத் திறப்பு விழா” என்று தொடங்கினால் அது விளம்பரம், நிருபர் விளம்பரப் பிரிவின் நம்பரைத் தருவார். அதே விஷயத்தை இப்படி எழுதலாம்: “திருவட்டாறு வட்டாரத்தில் வீடுகளிலிருந்து மட்டிப்பழம் நேரடியாக வாங்கும் கொள்முதல் நிலையம் திங்கள்கிழமை தொடங்குகிறது. ஒரு குலை கொண்டு வந்தாலும் எடை போட்டு அன்றே பணம் தரப்படும்.” படிப்பவருக்கு இதில் ஏதோ இருக்கிறது, அதனால் செய்தி.

அளவு ஒரு பக்கம், 150 முதல் 250 சொல். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்பவை முதல் இரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். இடம் போதாவிட்டால் பத்திரிகைக்காரர்கள் கீழிருந்துதான் வெட்டுவார்கள். உரிமையாளரின் பேச்சு ஒரு வாக்கியம் போதும். தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். லெட்டர்பேடில் அச்சடித்து அதைப் போட்டோ எடுத்து அனுப்பினால், நிருபர் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும், அடிக்கமாட்டார். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக, முன்னெழுத்தோடு, சரிபார்த்து எழுதுங்கள். பெயர்ப் பிழை வந்தால் மறுநாள் காலையில் திட்டு வாங்குவது அந்த நிருபர், அடுத்த முறை உங்கள் குறிப்பை அவர் திறக்கமாட்டார். கடைசியில், எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் கைபேசி எண்.

நேரமும் முக்கியம். மாவட்டப் பக்கம் சாயங்காலமே நிறைந்துவிடும், மதியம் 2 மணிக்குள் போய்ச்சேர வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம், மண்டைக்காடு கொடை நடக்கிற நாட்களில் அனுப்பினால் இடம் இராது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகங்கள் இயங்காததால் செய்தி குறைவு, திங்கள் பேப்பரில் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பிரஸ் மீட் என்பது, நிருபர்கள் கேள்வி கேட்கத் தேவையுள்ள விஷயம் இருந்தால் மட்டும். கிளைத் திறப்புக்குக் குறிப்பே போதும்.

நிருபருக்கு கவர் குடுக்கணுமாமே?

வேண்டாம். கவர் கொடுத்து வந்த செய்தியை அடுத்த மாதம் வேறொருவர் கவர் கொடுத்து மாற்றலாம். காசு கொடுத்துப் போடுவதானால் விளம்பரப் பிரிவில் ஜி.எஸ்.டி. பில்லோடு, விளம்பரம் என்ற அடையாளத்தோடு போடுங்கள். நிருபருக்கு உண்மையிலேயே தேவைப்படுவது, கூப்பிட்டால் எடுக்கிற ஆளும் சரியான தகவலும்தான். ரப்பர் விலை சரிந்தால், மல்லி விலை ஏறினால், உங்கள் தொழிலைப் பற்றி விளக்கம் கேட்க அவருக்கு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருங்கள்.

கேரளா ஆட்களும் நிறைய வாறாங்க. மலையாளத்துலயும் போடணுமா?

களியக்காவிளை, மார்த்தாண்டம், கன்னியாகுமரி பக்கம் கடை என்றால் கட்டாயம். ஆனால் தமிழ் வாசகத்தை ஆப்பில் போட்டு மாற்றியது வேண்டாம். இரண்டிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் பொருள் மாறி நிற்கும், படிப்பவர் சிரித்துவிட்டுப் போவார். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி, புதிதாக எழுதி வாங்குங்கள். ஓணத்துக்கு முந்தைய மூன்று வாரம் ஏத்தங்காய் சிப்ஸ், ஜவுளி, பூ வியாபாரத்துக்கு இதில் செலவழிக்கும் உழைப்பு வீண்போகாது.

கோயில் கொடை, சர்ச் பெருநாள், தர்கா ஆண்டு விழான்னு எல்லாரும் நன்கொடைக்கு வாறாங்க. எல்லாத்துக்கும் குடுக்கணுமா?

எல்லாவற்றுக்கும் முடியாது. ஆனால் ஒன்றுக்குக் கொடுத்து இன்னொன்றை விட்டால் அது கணக்கில் ஏறும், இந்த மாவட்டத்தில் அந்தக் கணக்கை யாரும் மறப்பதில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒதுக்குங்கள். கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள், எந்த மதமானாலும் ஒரே அளவு என்று எழுதி வைத்து, வருகிறவரிடம் அதையே காட்டுங்கள். வளைவிலும் ஃப்ளெக்ஸிலும் பெயர் போடக் கொடுப்பதைவிட, குடிநீர், முதலுதவி, விழா முடிந்த மறுநாள் குப்பை அள்ளும் வண்டி ஆகியவற்றுக்குக் கொடுங்கள். மண்டைக்காட்டில் வெயிலில் நின்று தண்ணீர் குடித்தவருக்கு யார் கொடுத்தார் என்பது நினைவிருக்கும்.

பேரிடர் நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்த பிறகு கடற்கரை ஊர்கள் பட்டதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அரிசிப் பையை நீட்டிக்கொண்டு, வாங்குகிறவரின் முகம் தெரியப் படம் எடுத்துப் போடுவது உதவியை அவமானமாக மாற்றும். ஊர்க்கமிட்டியிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, கொடுத்துவிட்டு வாருங்கள். செய்தியாக வேண்டுமானால் கமிட்டியே சொல்லட்டும்.

ஹோட்டலுக்கு கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டுட்டாங்க. எடுக்க வைக்க முடியுமா?

வசையோ, தங்காதவர் போட்ட பொய்யோ என்றால் புகார் கொடுக்கலாம். மற்றபடி எடுக்க முடியாது, எடுக்க முயற்சி செய்வதைவிடப் பதில் எழுதுவது நல்லது. பதிலைப் படிக்கப் போவது கோபமாக எழுதியவர் அல்ல, அடுத்து ரூம் தேடும் நூறு பேர். 24 மணி நேரத்துக்குள், நான்கு வரிக்குள் எழுதுங்கள்: “டிசம்பர் 27 அன்று வெந்நீர் வராதது உண்மை. ஹீட்டர் பழுது, மறுநாள் மாற்றினோம். உங்களுக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்கள் தவறு. மேலாளர் உங்களை அழைப்பார்.” சொந்தக்காரர்களை வைத்து ஐந்து ஸ்டார் போடச் சொல்லாதீர்கள். ஒரே நாளில் வந்த இருபது புகழுரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கன்னியாகுமரி விடுதிகளுக்கு வரும் புகாரில் ஒரு பெரும்பங்கை முன்கூட்டியே தவிர்க்கலாம். “ரூமிலிருந்தே சூரிய உதயம்” என்று போடுகிறார்கள். சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. ஜூனில் நேர்கிழக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 24 டிகிரியும், டிசம்பரில் தெற்கே அதே அளவும் விலகி உதிக்கும். வடகிழக்கு பார்த்த ஜன்னலில் ஜூனில் தெரிவது, சபரிமலை சீசன் கூட்டம் வரும் டிசம்பரில் பக்கத்துக் கட்டிடத்துக்குப் பின்னால் போய்விடும். எந்த ரூமில் எந்த மாதம் தெரியும் என்று ஒரு வருடம் குறித்து வைத்து, அதையே சொல்லுங்கள். மேகம் இருந்தால் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நின்றுவிடும். காலையிலேயே தங்கியிருப்பவர்களுக்கு மெசேஜ் போட்டு, அன்றைக்குப் பத்மநாபபுரம் அரண்மனையோ மாத்தூர் தொட்டிப்பாலமோ போகலாம் என்று வழியும் சொல்லிவிட்டால், படகு நின்ற கோபம் உங்கள் மேல் விழாது. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

யூடியூபரைக் கூப்பிட்டு வீடியோ போடலாமா?

போடலாம். காசோ இலவசச் சாப்பாடோ தங்கலோ கொடுத்திருந்தால், அது விளம்பரம் என்று வீடியோவில் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். பேசியவர், பேச வைத்தவர் இருவரும் அதில் மாட்டுவார்கள். “சர்க்கரை நோய் போகும்” மாதிரி வாக்கியத்தை அவர் உற்சாகத்தில் சொல்லிவிட்டால் வெளியிடும் முன் வெட்டச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் தேனுக்கும் மட்டிப்பழத்துக்கும் புவிசார் குறியீடு கிடைச்சாச்சே. நாங்களும் லேபிள்ல போட்டுக்கலாம்தானே?

அப்படியே போட முடியாது. குறியீடு அந்தப் பகுதியின் பொருளுக்குக் கிடைத்தது. அதை உங்கள் லேபிளில் போட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாமல் முத்திரையைப் போட்டு, போட்டிக்கடைக்காரர் அதைக் கிளப்பினால், உண்மையான சரக்கை விற்றுக்கொண்டே பொய்யராக நிற்பீர்கள். பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டு, அதுவரை எந்த ஊரில், யாருடைய தோட்டத்தில், எந்த மாதம் எடுத்தது என்று எழுதுங்கள். வாங்குகிறவருக்கு அது இன்னும் நெருக்கமாகப் படும்.

வேலையாட்கள்கிட்டயும் இதெல்லாம் சொல்லணுமா?

அவர்களிடம்தான் முதலில். முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள் சாயங்காலம் வீடு போனதும், ஆலையைப் பற்றி ஊர் நம்புவது அவர்கள் சொல்வதைத்தான். சம்பளம் இரண்டு நாள் தள்ளும் என்றால் காரணத்தோடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தள்ளினால் “கம்பெனி மூடப் போறாங்க” என்ற பேச்சு சரக்குத் தருகிறவர் காதுக்கும் வங்கிக்கும் போகும்.

சாப்பாட்டுல ஏதோ கிடந்துச்சுன்னு வீடியோ பரவுது. உடனே என்ன செய்யணும்?

முதலில் அந்தப் பேட்ச்சை விற்பதை நிறுத்துங்கள். சி.சி.டி.வி. பதிவை நகலெடுத்து வையுங்கள், சில நாளில் புதிய பதிவு அதன்மேல் ஏறி, பழையது தானாக அழிந்துவிடும். பாதிக்கப்பட்டவரை உரிமையாளரே போய்ப் பார்க்க வேண்டும், வக்கீல் அல்ல. இரண்டு மணி நேரத்துக்குள் மூன்றே விஷயம் கொண்ட அறிக்கை வெளியே வரட்டும்: என்ன தெரியும், என்ன செய்திருக்கிறோம், அடுத்து எத்தனை மணிக்குப் பேசுவோம். சொன்ன மணிக்குப் புதிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் பேசுங்கள். ஒருவர் மட்டும் பேசட்டும். கல்லாவில் ஒருவர், வாசலில் ஒருவர், மகன் ஃபேஸ்புக்கில் என்று மூன்று விதமாகப் பேசியதால் சின்ன விஷயம் பெரிதானதுதான் அதிகம். “கஸ்டமரே போட்டிருப்பார்” என்ற வார்த்தை, அது உண்மையாகவே இருந்தாலும், ஆதாரம் கையில் வரும்வரை வாயில் வரக்கூடாது.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் சோதனைக்காக உணவு மாதிரி எடுக்க வந்தால் ஒத்துழையுங்கள். மாதிரியை நான்கு பாகமாகப் பிரிப்பார்கள். அதில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கும் அனுப்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, செலவு உங்களுடையது. மாதிரியைச் சோதிக்கும் உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அந்த நாட்களில் “முடிவு வரட்டும், அதுவரை அந்தப் பொருளை விற்கவில்லை” என்ற ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1982இல் அமெரிக்காவின் சிகாகோவில் டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது, தவறு கம்பெனியுடையதாக இல்லாதபோதும், நாடு முழுவதும் சுமார் 3.1 கோடி பாட்டிலைத் திரும்பப் பெற்று, பிரித்தால் தெரியும்படி முத்திரை வைத்த பாட்டிலோடு திரும்ப வந்தார்கள். மக்கள் மறுபடி வாங்கினார்கள்.

முழுப் பொய்யா இருந்தா? வாட்ஸ்அப் குரூப்ல போட்டிக்காரங்களே பரப்புனா?

மேலே சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கு இதற்கும் பொருந்தும். கூடுதலாக ஒன்று: பொய்ப் படத்தை அப்படியே மறுபடி போட்டு “இது பொய்” என்று எழுதாதீர்கள், படம்தான் நினைவில் நிற்கும். உண்மையை முதல் வரியில் சொல்லி, ஆதாரத்தை அடுத்து வையுங்கள். குரூப் அட்மின்களுக்குத் தனித்தனியாக போன் செய்யுங்கள், இந்த மாவட்டத்தில் அவர்களில் பாதிப் பேர் உங்களுக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின் கீழ் அவதூறு வழக்குப் போட முடியும். ஆனால் ஐம்பது பேருக்குத் தெரிந்த பொய்யை வக்கீல் நோட்டீஸ் ஐயாயிரம் பேருக்குக் கொண்டுபோகலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பலன் தருதான்னு எப்படித் தெரியும்? ஏஜென்சிகிட்ட குடுக்கணுமா?

பேப்பரில் வந்த செய்தியின் அளவை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி “இவ்வளவு லாபம்” என்று காட்டுவார்கள். நம்பாதீர்கள், 2010லேயே பார்சிலோனாவில் கூடிய இந்தத் துறையினரே அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டார்கள். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டுப் போதும். புதிதாக வருகிறவரிடம் “எங்களை யார் சொன்னாங்க?” என்று கேட்டுக் குறியுங்கள். திரும்ப வருகிறவர், புகார், புகார் தீர்ந்த நாள் ஆகியவற்றுக்கும் கட்டம் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். புகார் திடீரென்று பூஜ்யமானால் சந்தோஷப்பட வேண்டாம், சொல்ல வழியில்லாமல் போயிருக்கலாம்.

ஒரே கடை என்றால் ஏஜென்சி தேவையில்லை, வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் உரிமையாளரே செய்யலாம். ஏற்றுமதி, பல கிளை என்று ஆனால் யோசிக்கலாம். அப்போதும் நெருக்கடியில் பேசுவது நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

தப்பு எங்க மேலதான், ஆனா யாருக்கும் தெரியாது. நாங்களே போய்ச் சொல்லணுமா?

ஆம். தேங்காய் எண்ணெய் தட்டுப்பாட்டில் ஒரு நாள் சிப்ஸைப் பாமாயிலில் பொரித்து, பழைய பையிலேயே கட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். லேபிளில் தேங்காய் எண்ணெய் என்றே இருக்கிறது. சட்டப்படி இது தவறான லேபிள், 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பொரித்த ஆளுக்குத் தெரியும், எண்ணெய் இறக்கிய டிரைவருக்குத் தெரியும், ஏத்தங்காய் சிப்ஸ் தின்று வளர்ந்த நாக்குக்கும் தெரியும். விஷயம் வெளியே வருவதற்கு முன் நீங்களே சொன்னால், நடந்ததைப் பிழை என்று எடுத்துக்கொள்வார்கள். வந்த பிறகு சொன்னால் ஏமாற்று என்பார்கள்.

பேட்ச் எண்ணை வைத்து எந்தெந்தக் கடைக்குப் போனது என்று பட்டியல் எடுத்து, அன்றே ஒவ்வொரு கடைக்கும் போன் செய்து திரும்ப எடுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கடை வாசலில், கண் உயரத்தில், பெரிய எழுத்தில் அட்டை வையுங்கள்: “மே 12 அன்று பொரித்த சிப்ஸ், பேட்ச் 0512, பாமாயிலில் பொரித்தது. பையில் தேங்காய் எண்ணெய் என்று தவறாக இருக்கிறது. பில் இல்லாவிட்டாலும், பை பிரித்திருந்தாலும், பணம் திருப்பித் தருகிறோம்.” மன்னிப்பு ஒரு வரி, அதற்கு மேல் வேண்டாம். அந்தப் பேட்ச்சின் காலாவதித் தேதி தாண்டும்வரை அட்டையை எடுக்காதீர்கள்.